அடக்கம் செய்யப்படாத மரணம்: ஒரு விளையாட்டின் இரு வடிவங்கள்

இறையியல் ஏடொன்றில் வீடியோ விளையாட்டைப் பற்றிய திறனாய்வு இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நாவலையும் நாடகத்தையும் திரைப்படத்தையும் இறையியல் நோக்கில் ஆராய்வதற்கு நாம் பழகிவிட்டோம். மனிதன் தன்னைப்பற்றியும் தன் முடிவைப்பற்றியும் சொல்லிக்கொள்ளும் கதைகள் அவற்றில் உறைவதாலேயே அவ்வாராய்ச்சி தேவையாயிற்று. இன்று அத்தகைய கதைகளுள் கணிசமான பகுதி விளையாட்டின் வடிவில் சொல்லப்படுகிறது. இளைஞர் ஒருவர் இவ்வகைக் கதையொன்றில் நாற்பது, ஐம்பது மணி நேரம் செலவிடுகிறார். ஓராண்டின் ஞாயிறு அருளுரைகள் யாவற்றையும் கூட்டினாலும் அவ்வளவு நேரம் தேறுவது அரிது. அங்கே அவர் மரணத்தைப்பற்றிக் கற்றுக்கொள்வது யாது என்னும் கேள்வி ஆயர் பணியில் ஈடுபட்டோர் புறக்கணிக்கத் தக்கதன்று.

இங்கு நாம் எடுத்துக்கொள்வது 'ஃபைனல் ஃபேண்டஸி ஏழு' என்னும் ஜப்பானிய விளையாட்டாகும். 1997ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஸ்குவேர் நிறுவனம் இதனை மூன்று குறுந்தகடுகளில் வெளியிட்டது. ஒரு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்று, ஒரு தலைமுறையின் நெஞ்சில் நிலைத்த படைப்பு இது. அந்நிறுவனத்தின் வழிவந்த ஸ்குவேர் எனிக்ஸ் இக்கதையையே மூன்று பகுதிகளாகப் புதிதாகச் சொல்ல முனைந்தது. முதற் பகுதி 'ரீமேக்' என்னும் பெயரில் 2020ஆம் ஆண்டு ஏப்ரலிலும், இரண்டாம் பகுதி 'ரீபர்த்', அதாவது மறுபிறப்பு, என்னும் பெயரில் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியிலும் வெளிவந்தன. பழைய படைப்பை உருவாக்கியோருள் கிட்டாஸே, நொமுரா, நொஜிமா ஆகியோர் புதியதிலும் பங்குகொண்டுள்ளனர். ஆகவே ஒரே கைகள் ஒரே கதையை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இடைவெளியில் இருமுறை சொல்லியிருக்கின்றன எனலாம். கதையின் நடுவே ஒரு பெண் இறக்கிறாள். அம்மரணம் அன்று சொல்லப்பட்ட விதத்திற்கும் இன்று சொல்லப்படும் விதத்திற்கும் உள்ள வேறுபாட்டையே இக்கட்டுரை ஆராய்கிறது. புதிய படைப்பின் முதலிரு பகுதிகளை மட்டுமே நாம் கருத்திற்கொள்கிறோம்.

1. கதையின் களம்

மிட்கார் என்பது இருதளங்களாக அமைந்த ஒரு மாநகரம். மேல்தளத்தில் வசதியுள்ளோர் வாழ்கின்றனர். அத்தளத்தின் நிழலில், சூரிய ஒளி எட்டாத சேரிகளில் ஏழைகள் வாழ்கின்றனர். ஷின்ரா என்னும் மின்சார நிறுவனம் பூமியின் உயிராற்றலையே உலைகள்மூலம் உறிஞ்சி ஆற்றலாக மாற்றி விற்கிறது. அரசும் படையும் அதன் கைக்குள்ளேயே உள்ளன. இவ்வுலைகளைத் தகர்க்கப் புறப்பட்ட சிறு குழுவில் கூலிக்குச் சேரும் வீரன் கிளவுட் என்பவனே கதைத்தலைவன். அவன் சந்திக்கும் பூக்காரப்பெண் ஏரித். சேரியில் இடிந்துகிடக்கும் ஓர் ஆலயத்தின் தரைப்பலகைகளைப் பிளந்துகொண்டு மலர்கள் முளைத்திருக்கின்றன. செடி தழைப்பது அரிதான அச்சேரியில், அவற்றை அவளே பேணி வளர்க்கிறாள். அழிந்துபோன தொல்குடி ஒன்றின் கடைசி வழித்தோன்றல் அவள்.

செஃபிரோத் என்னும் எதிரி விண்கல்லொன்றை வரவழைத்துப் பூமியைக் காயப்படுத்தி, அக்காயத்தை ஆற்றத் திரளும் உயிராற்றலைத் தனதாக்கித் தெய்வமாக முயல்கிறான். அதனைத் தடுக்க வல்லது ஏரித்தின் மன்றாட்டு ஒன்றே. அவள் எவரிடமும் சொல்லாமல் தனியே சென்று, தன் முன்னோரின் கைவிடப்பட்ட நகரில் முழந்தாளிட்டு மன்றாடுகிறாள். அவ்வேளையில் செஃபிரோத் மேலிருந்து பாய்ந்து வாளால் அவளை ஊடுருவக் குத்துகிறான்.

2. பழைய படைப்பில் மரணம்

1997ஆம் ஆண்டின் படைப்பில் இக்காட்சி மிகச் சுருங்கியது. அக்காலத்து உருவங்களும் எளியவை. எனினும் அதன் வலிமை எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிய, இக்கலை வடிவத்தின் தன்மையைச் சற்றே உணரவேண்டும். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டில் வாசகர் வெறும் பார்வையாளர் அல்லர். ஏரித்தைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டவர், போருக்குப்பின் போராக அவளுடைய ஆற்றலை வளர்க்கிறார். அவளுக்கென ஆயுதமும் அணியும் தேடுகிறார். அவள் அடையக்கூடிய மிக உயர்ந்த ஆற்றலுக்குப் படைப்பாளர் சூட்டிய பெயர் 'மகா சுவிசேஷம்' என்னும் பொருளுடையது. கதையின் முதற் பகுதியிலேயே அரும்பாடுபட்டு அதனைப் பெறவும் இயலும். ஆனால் அவள் இறந்ததும் அவ்வளவும் அவளோடு போய்விடுகிறது. செலவிட்ட உழைப்பு திரும்புவதில்லை. அன்புகூர்ந்தவர் இழந்தவராகவே நிற்கிறார். நாவலோ நாடகமோ தரமாட்டாத ஓர் அனுபவம் இது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும்.

இக்காட்சியைத் தொடர்ந்துவரும் போரில் வழக்கமான போர் இசை ஒலிப்பதில்லை; உவேமட்சு அமைத்த ஏரித்தின் மெல்லிசையே தொடர்கிறது. வாள் சுழலும்போதும் செவியில் துக்கமே நிறைந்திருக்கிறது. அப்போருக்குச் சற்றுமுன் கிளவுட் அவளுடைய உடலை ஏந்தியபடி, அவள் இனி ஒருபோதும் செய்யமாட்டாத சின்னஞ்சிறு செயல்களை எண்ணிப் புலம்புகிறான். இறுதியில் அவ்வுடலைக் கைகளில் ஏந்தி நீருக்குள் நடந்துசென்று, மெல்ல அமிழவிடுகிறான். அவள் கீழே, கீழே சென்று மறைகிறாள். அத்தோடு முதற் குறுந்தகடு முடிகிறது. ஆடுபவர் அதனைத் தம் கையால் அகற்றி இரண்டாம் தகட்டை இட்ட பின்னரே கதை மேற்செல்கிறது.

இவ்விளையாட்டின் மூல ஆக்கத்தில் முதன்மையான பங்கு வகித்த சகாகுச்சி, தம் தாயாரின் மறைவுக்குப்பின் உயிர் என்பது யாது என்று எண்ணத் தொடங்கியதாகக் கூறியிருக்கிறார். இயக்குநர் கிட்டாஸேயோ, திரைப்படங்களில் வரும் அலங்காரமான தியாக மரணத்தைத் தாம் விரும்பவில்லையென்றும், நிகழ்வாழ்வில் மரணம் திடீரென வந்து வெறுமையையே விட்டுச்செல்கிறது என்பதையே காட்ட விழைந்ததாகவும் விளக்கியிருக்கிறார். அவ்வாறே ஆயிற்று. அவளை உயிர்ப்பிக்க ஏதோ மறைவான வழி உண்டென்னும் வதந்தி ஆடுவோரிடையே ஆண்டுக்கணக்காக உலவியது. அப்படியொரு வழி இல்லை. கதையின் பிற்பகுதியில் அவ்வாலயத்துக்குத் திரும்பிச் செல்வோர் மலர்களிடையே அவளுடைய உருவத்தை ஒரு கணம் காணலாம். அருகே சென்றால் அது மறைந்துவிடும். இழந்தோர் யாவரும் அறிந்த அனுபவம் அன்றோ அது?

கதையின் உட்பகுதியிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். ஏரித்தை வளர்த்த தாய் எல்மைரா, போருக்குச் சென்ற தன் கணவனுக்காக நாள்தோறும் புகைவண்டி நிலையத்தில் காத்திருந்தவள். ஒருநாள் சிறுமி ஏரித், தாய்க்கு அருமையானவர் இறந்துவிட்டார் என்று சொல்கிறாள். தாய் நம்ப மறுக்கிறாள். சில நாட்களில் கணவன் மாண்ட செய்தி கடிதமாக வருகிறது. மரணத்தை மறைக்காமல் சொல்லும் பெண்ணாகவே ஏரித் வளர்கிறாள். அவளுடைய மரணமும் மறைக்கப்படாமல் சொல்லப்பட்டது பொருத்தமே.

3. புதிய படைப்பின் சிறப்புகள்

புதிய படைப்பைக் குறைகூறுமுன் அதன் நிறைகளைச் சொல்வது நீதியாகும். பழைய படைப்பில் சில மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய மிட்கார் நகரம், 2020ஆம் ஆண்டின் 'ரீமேக்'கில் ஒரு முழு விளையாட்டாகவே விரிந்துள்ளது. அன்று பெயரில்லாமல் நின்ற சேரிமக்கள் இன்று முகமும் குரலும் தொழிலும் உடையவராயிருக்கின்றனர். தளமொன்றை ஷின்ரா நிறுவனம் திட்டமிட்டே சேரியின்மேல் இடித்துத்தள்ளும் கொடுமை, அம்மக்களை நாம் அறிந்திருப்பதனாலேயே மிகுதியாகச் சுடுகிறது. 'ரீபர்த்'தில் பாரெட் என்பவனின் ஊர் எரிந்த கதையும், அவன் நண்பன் டைனின் சீற்றமும் உள்ளத்தை உருக்கும் வகையில் சொல்லப்பட்டுள்ளன. ஏரித்தும் டிஃபாவும் கிளவுட்டை முன்னிட்டுப் போட்டியிடுவோராக அன்றி உண்மைத் தோழியராக வரைந்து காட்டப்படுகின்றனர். வளர்ச்சி என்று சொல்லத்தக்கவை இவை. ஒடுக்கப்பட்டோருக்கு முகம் அளிக்கும் எந்தக் கலையையும் திருச்சபை நன்றியோடு ஏற்கவேண்டும்.

ஆனால் அம்முகங்களைத் தந்த படைப்பே அவற்றின் மரணத்தைச் சொல்லத் தயங்குகிறது. தளம் இடியுமுன் சேரிமக்கள் பலர் வெளியேற்றப்படுகின்றனர். பழைய கதையில் அங்கே மாண்ட பிக்ஸ் என்னும் தோழன் புதிய கதையின் முடிவில் உயிரோடு காட்டப்படுகிறான். நேசிக்கும்படி நமக்கு அறிமுகப்படுத்தியவர்களை இழக்கும்படி விட இப்படைப்புக்கு மனம் வரவில்லை. இத்தயக்கத்தின் முழு உருவை ஏரித்தின் முடிவில் காண்போம்.

4. வாளால் வெட்டப்படும் விதி

புதிய படைப்பில் 'விஸ்பர்' எனப்படும் சாம்பல்நிற நிழலுருவங்கள் தோன்றுகின்றன. கதை அதற்குக் குறிக்கப்பட்ட பாதையிலிருந்து, அதாவது பழைய விளையாட்டின் பாதையிலிருந்து, விலகும்போதெல்லாம் இவை திரண்டுவந்து நிகழ்வுகளைத் திருத்துகின்றன. பாரெட் குத்தப்பட்டு வீழ்கிறான்; அவன் சாகவேண்டிய வேளை அதுவன்று என்பதால் அவை அவனை எழுப்பிவிடுகின்றன. இறுதியில் தோழர்கள் இவ்விதிக் காவலரையே போரிட்டு வெல்கின்றனர். இனி நடக்கவிருப்பது எழுதப்படாதது என்னும் எண்ணத்தோடு முதற் பகுதி முடிகிறது.

பழைய படைப்பை மாற்றக்கூடாதென்று பிடிவாதம்பிடிக்கும் அன்பர்களின் உருவகமாகவே இந்நிழல்களைப் பலர் கண்டனர். அது கூர்மையான கருத்து என்பதில் ஐயமில்லை. எனினும் இறையியல் மாணாக்கர் வேறொன்றையும் கவனிக்கவேண்டும். இங்கே காட்டப்படுவது விதியே. தேவ பராமரிப்பு அன்று. விதி அன்பற்றது, குறித்த நிகழ்ச்சி நடந்தேறவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு நோக்கமில்லை. யோசேப்பு தன் சகோதரரிடம் கூறிய அறிக்கையில், ஆதியாகமத்தின் இறுதி அதிகாரத்தில், வெளிப்படும் கடவுளோ மனிதரின் தீச்செயலைத் தீச்செயலாகவே விட்டு, அதனூடாகவே நன்மையை விளைவிக்கிறவர். யோசேப்பு குழிக்குள் தள்ளப்பட்டதும் விற்கப்பட்டதும் நடவாதவை ஆகிவிடவில்லை. புதிய படைப்பு முன்வைக்கும் தெரிவு இரண்டே: விதிக்கு அடங்குதல், அல்லது விதியை வெட்டி வீழ்த்துதல். துன்பத்தினூடே உடன்நடக்கும் ஒருவரை அதற்குத் தெரியாது. ஆகவே மரணமும் அங்கே துக்கித்து ஏற்கவேண்டிய இழப்பாக அன்றி, வலிமையுள்ளவன் தவிர்த்துக்கொள்ளக்கூடிய ஒரு முடிவாக மாறிவிடுகிறது.

5. ஐயத்திற்குள் விடப்பட்ட மரணம்

'ரீபர்த்'தின் இறுதியில் அதே நகரம், அதே மன்றாட்டு, அதே வாள். இம்முறை கிளவுட் தன் வாளை வீசிச் செஃபிரோத்தின் வாளைத் தடுத்துவிடுவதாகக் காண்கிறோம். அடுத்த கணம் காட்சி நடுங்குகிறது. இரத்தம் தெரிகிறது, இரத்தம் மறைகிறது. அவள் கிடக்கிறாள்; அவள் விழிக்கிறாள். பல உலகங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதாகக் கதை உணர்த்துகிறது. தொடர்ந்து வரும் நெடும்போரின் கடைசிக் கட்டத்தில் ஏரித்தே கிளவுட்டின் பக்கத்தில் நின்று போரிடுகிறாள். போர் முடிந்தபின் தோழர்கள் துயரில் ஆழ்ந்திருக்க, ஏனையோர் கண்ணுக்குத் தோன்றாத அவளோடு கிளவுட் உரையாடுகிறான். நீருக்குள் இறக்கும் அந்தப் பழைய காட்சி இங்கே இல்லை. அவள் அடக்கம் செய்யப்படவேயில்லை.

இதற்கு ஆதரவாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. சிதைந்த மனமுடைய ஒருவன் தன் இழப்பை ஏற்க மறுக்கும் நிலையையே இப்படைப்பு அவனுடைய கண்களினூடே காட்டுகிறது என்பர். துக்கிப்போர் பலர் இத்தகைய மறுப்பின் வழியே செல்வதை ஆயர்கள் அறிவர். பழைய கதையிலும் கிளவுட் பொய்யான நினைவுகளோடு வாழ்ந்தவனே. டிஃபாவின் துணையால் தன் உண்மையைக் கண்டு ஒப்புக்கொண்டபோதுதான் அவன் நலம்பெற்றான். இவ்விளக்கம் வலுவுடையது. ஆயினும் அது முழுமையாகப் பொருந்தவில்லை. மறுப்பது கிளவுட் மட்டுமாயின், ஆடுபவராகிய நாம் அவனுக்கு வெளியே நின்று மெய்யை அறிந்து அவனுக்காக இரங்கலாம். ஆனால் இறந்தோர் வாழும் மாற்றுலகங்களைக் கதை தன் சொந்தக் குரலில் காட்டுகிறது. பழைய கதையில் முன்னரே மாண்டுபோன சாக் என்னும் வீரன் அத்தகைய ஓருலகில் உயிரோடு திரிகிறான். மெய் எது என்பதை அறியும் உரிமை நமக்கும் மறுக்கப்படுகிறது. அவளுக்காக அழுவதா, அடுத்த பகுதிக்காகக் காத்திருப்பதா என்று தெரியாமல் ஆடுபவர் விடப்படுகிறார். துக்கத்தின் இடத்தில் புதிர் வந்து அமர்கிறது. புதிரை அவிழ்க்க முனைவோருக்கு அழ நேரமில்லை.

6. திருமறையின் சாட்சி

ஆதித் திருச்சபை எதிர்கொண்ட முதற் பிறழ்ச்சிகளுள் ஒன்று, கிறிஸ்து பாடுபட்டதும் இறந்ததும் வெறும் தோற்றமே என்னும் கொள்கை. அந்தியோக்கியா இக்நாத்தியு தம் சாவை நோக்கிக் கொண்டுசெல்லப்பட்டபோது எழுதிய மடல்களில் அதனை வன்மையாக எதிர்த்தார். அவர் இறந்தது தோற்றமாயின் தம் சங்கிலிகளும் தோற்றமாகிவிடும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், தாம் பெற்று ஒப்புவித்த நற்செய்தியைச் சுருக்கிச் சொல்லும்போது, மரணத்துக்கும் உயிர்த்தெழுதலுக்கும் நடுவே அடக்கத்தைத் தவறாமல் குறிப்பிடுகிறார். நம் விசுவாசப் பிரமாணமும் அவ்வாறே செய்கிறது. அச்சொல் அங்கே நிற்பது தற்செயலன்று. அடக்கம் செய்யப்பட்டவரே மெய்யாக இறந்தவர். மெய்யாக இறந்தவரையே கடவுள் எழுப்பினார்.

ஆஸ்கர் குல்மன் 1955ஆம் ஆண்டு ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவில் சாக்ரட்டீசின் அமைதியான சாவையும் கெத்செமனேயில் இயேசு அடைந்த கலக்கத்தையும் ஒப்பிட்டார். மரணத்தை நண்பனாகக் காண்போருக்கு உயிர்த்தெழுதல் தேவையில்லை. அதனைப் பகைவனாக அறிந்தோருக்கே அது நற்செய்தியாகிறது. இவ்வளவுகோலால் அளந்தால், பழைய விளையாட்டும் கிறிஸ்தவப் படைப்பு அன்று. இறந்தோர் பூமியின் உயிராற்றலோடு கலந்துவிடுகின்றனர் என்பதே அதன் கோட்பாடு. ஆள்தன்மையுடைய கடவுளும் உயிர்த்தெழுதலும் அதில் இல்லை. ஆயினும் மரணத்தை மரணமென்று சொல்லும் நேர்மை அதனிடம் உண்டு. நற்செய்தி வந்து இறங்குவதற்குரிய நிலம் அது. புதிய படைப்போ மறுபிறப்பு என்னும் பெயரையே தாங்கிநின்றும், அந்நிலத்தைப் பறித்துக்கொள்கிறது.

மாற்றுலகம் ஒன்றில் அவள் சாகவில்லை என்பது உயிர்த்தெழுதலின் நம்பிக்கை ஆகாது. உயிர்த்த ஆண்டவர் தோமாவுக்குத் தம் காயங்களைக் காட்டினார். சிலுவையே நிகழாத வேறோர் உலகிலிருந்து அவர் வரவில்லை. ஆணி பாய்ந்த அதே உடலோடு வந்தார். யோபுவுக்கு ஆடுமாடுகள் இருமடங்காகத் திரும்பின. பிள்ளைகளோ புதிதாகப் பிறந்தனரேயன்றி, மாண்டவர் மீண்டதாக அந்நூல் சொல்லவில்லை. லாசருவை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் இயேசு அவன் கல்லறையருகே கண்ணீர்விட்டார். 1943ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் முந்திய நாளில் சிறையிலிருந்து எழுதிய மடலில் போன்ஹோஃபர், அன்புக்குரியவர் இல்லாத வெற்றிடத்தைக் கடவுள் நிரப்புவதில்லை, அதனை வெற்றிடமாகவே காக்கிறார், அதன்மூலமே உறவு காக்கப்படுகிறது என்னும் கருத்தை எழுதினார். 1997ஆம் ஆண்டின் விளையாட்டில் ஏரித் நின்ற இடம் இறுதிவரை வெற்றிடமாகவே இருந்தது. அவளை நேசித்தோர் இத்தனை ஆண்டுகளாக அவளை மறவாததற்கு அதுவே காரணம் என்று கருதுகிறோம்.

7. ஆயர் பணிக்கு ஒரு குறிப்பு

இக்குறையை ஜப்பானியக் கலைஞரிடம் மட்டும் காண்பது எளிது. நம் அடக்க ஆராதனைகளிலும் இதே தயக்கம் தலைகாட்டுவதை நாம் மறைக்கவேண்டியதில்லை. இளம்பிள்ளையை இழந்த பெற்றோர் முன்னிலையில், இது இழப்பே அன்று என்று சொல்லிவிடுகிறோம். அழுகிறவர்களை அவிசுவாசிகளைப்போல் நோக்குகிறோம். பெரிய வெள்ளியின் தியானம் முடியுமுன்னே ஈஸ்டர் பாட்டுக்குத் தாவுகிறோம். தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் விலக்குவது நம்பிக்கையற்றோரின் துக்கத்தையே, துக்கத்தையே விலக்கவில்லை.

எனவே நம் வாலிபர் கூட்டங்களில் இவ்விரு படைப்புகளையும் ஒருசேர எடுத்துப் பேசுவது பயன்தரும் என எண்ணுகிறோம். இத்தகைய விளையாட்டு நல்லதா தீயதா என்னும் வழக்கமான விவாதத்தைக் காட்டிலும், ஏரித் இறந்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது நல்லது. பழையதை ஆடியோர் தாம் இழந்ததைச் சொல்வர். புதியதை ஆடியோர் பெரும்பாலும் ஊகங்களைச் சொல்வர்: எந்த உலகம் மெய், எந்த அடையாளத்துக்கு என்ன பொருள் என்பதாக. அவ்விரு விடைகளின் வேறுபாட்டிலிருந்து ஆயர் தம் போதனையைத் தொடங்கலாம். தம் வீட்டில் நிகழ்ந்த மரணத்தைப்பற்றி வாய்திறவாத இளைஞர், ஒரு பூக்காரியின் மரணத்தைப்பற்றிப் பேசத் தொடங்கி, பின் தம் தந்தையைப்பற்றியும் பேசக்கூடும்.

கலைத்திறனில் புதிய படைப்பு பழையதை மிஞ்சுகிறது. அதன் நகரம் பெரிது. அதன் முகங்கள் உயிருள்ளவை. உண்மை கூறுவதில் பழையதே மேலானது. மூன்றாம் பகுதி ஏரித்தை நீரினுள் இறக்கி அவளுக்காக அழ இடங்கொடுக்குமாயின், இக்கட்டுரையின் தீர்ப்பை மகிழ்ச்சியோடு மாற்றிக்கொள்வோம்.